தோட்டா கிடைக்காத துப்பாக்கி

நூறு வயதைத் தாண்டிவிட்டது. ஸ்பிரிங் வேலை செய்கிறது, குழல் நேராக இருக்கிறது, மரக்கட்டையில் விரிசல் இல்லை. ஆனாலும் சுட முடியாது. தாத்தா விட்டுப்போன பழைய ரைபிளை வைத்துக் காப்பாற்றும் அமெரிக்கக் குடும்பங்களின் பாடு இது.

1907 டிசம்பர். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், சான் அன்டோனியோ நகரத்துப் பொருட்காட்சி மைதானம். உதவியாளர்கள் சின்னச் சின்ன மரத்துண்டுகளை ஒவ்வொன்றாக வானத்தில் வீசிக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு துண்டின் அளவு இரண்டேகால் அங்குலம்தான். கீழே நிற்கும் மனிதர் ரைபிளைத் தூக்கிச் சுடுகிறார். துண்டு சிதறுகிறது. அடுத்தது. அதற்கும் அடுத்தது.

இப்படியே பத்து நாள். மொத்தம் 72,500 துண்டுகள். தவறவிட்டது எத்தனை தெரியுமா? வெறும் ஒன்பது. இடையில் ஒரு தடவை 14,540 துண்டுகளை ஒன்றுகூடத் தப்பாமல் அடித்திருக்கிறார்.

அவர் பெயர் அடால்ஃப் டோப்பர்வைன். ஊரார் சுருக்கி 'ஆட்' என்று கூப்பிட்டார்கள். பத்திரிகையில் கார்ட்டூன் வரைந்துகொண்டிருந்தவர், பிறகு சர்க்கஸில் சேர்ந்து, கடைசியில் வின்செஸ்டர் துப்பாக்கி நிறுவனத்துக்காக ஊர் ஊராகச் சென்று சுட்டுக் காட்டும் வேலைக்கு வந்தார். தகரத்தட்டில் குண்டுகளாலேயே புள்ளி வைத்து ஓவியம் தீட்டுவதும் அவருடைய வித்தைகளில் ஒன்று.

அந்தப் பத்து நாளும் அவர் கையில் இருந்தது வின்செஸ்டர் 1903 மாடல் ரைபிள். ஒரு நாளைக்குச் சராசரியாக 7,250 தடவை சுட்டும் ஈடுகொடுத்த துப்பாக்கி. அதே மாடல் இன்று யாராவது ஒருவரின் வீட்டு அலமாரியில் இருந்தால், அதை வைத்து ஒரு துண்டைக்கூட அடிக்க முடியாமல் போகலாம். காரணம் துப்பாக்கியில் இல்லை, தோட்டாவில் இருக்கிறது.

'பிளிங்க்கி'யும் தகர டப்பாவும்

ஆட் டோப்பர்வைனின் கதையில் இன்னொருவரும் உண்டு. வின்செஸ்டரின் நியூ ஹேவன் தொழிற்சாலையில் வேலை பார்த்த எலிசபெத் செர்வாட்டி. துப்பாக்கியைக் கையில் எடுத்துப் பழகாத பெண். இருவரும் 1903ஆம் ஆண்டு திருமணம் செய்துகொண்டார்கள். அதே ஆண்டில்தான் அந்த ரைபிளும் விற்பனைக்கு வந்தது.

கணவர் சுடக் கற்றுக்கொடுத்தார். மனைவி வேகமாகக் கற்றுக்கொண்டார். தகர டப்பாவை வைத்துப் பழகும்போது, குண்டு பட்டதும் எழுந்த சத்தத்தைக் கேட்டு, "பிளிங்க்" என்று குழந்தை மாதிரிச் சொன்னாராம். அதிலிருந்து அவர் பெயரே 'பிளிங்க்கி' ஆகிவிட்டது. பிறகு தம்பதி இருவரும் சேர்ந்தே மேடையேறினார்கள். 1945இல் பிளிங்க்கி இறக்கும்வரை அந்த ஜோடிதான் அமெரிக்காவின் பெயர்பெற்ற துப்பாக்கி ஜோடி.

இன்றும் தகர டப்பாவையும் காலி பாட்டிலையும் வைத்துப் பொழுதுபோக்காகச் சுடுவதை அமெரிக்காவில் 'பிளிங்க்கிங்' என்றுதான் சொல்கிறார்கள். அப்பா பிள்ளைக்கு முதன்முதலாகச் சுடக் கற்றுக்கொடுப்பதும் பெரும்பாலும் இந்த வகைச் சிறிய ரைபிளில்தான். அதனால்தான் பழைய பாயின்ட் டூ டூ ரைபிள் ஒன்றை ஒரு குடும்பம் எளிதில் விற்பதில்லை. சந்தையில் அதற்குப் பெரிய விலை இல்லாவிட்டாலும், அது தாத்தா கைபட்ட பொருள். நம் வீட்டில் பாட்டியின் வெற்றிலைப் பெட்டி இருக்கிற மாதிரி.

ஆனால் வெற்றிலைப் பெட்டியைத் துடைத்து ஓரமாக வைத்துவிடலாம். துப்பாக்கியை அப்படி வைத்துவிட முடியாது.

விளிம்பில் தட்டினால் வெடிக்கும்

நம் ஊரில் கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு .22 ரைபிள் பரிச்சயமாக இருக்கும். சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத சின்னத் தோட்டா. தோளில் பெரிய உதையும் இருக்காது. அது ஒவ்வொரு தடவையும் கையால் போல்ட்டை இழுத்துத் தோட்டாவை ஏற்ற வேண்டிய ரைபிள்.

அந்தத் தோட்டாவைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பாகம் தட்டையாக இருக்கும். பெரிய துப்பாக்கிகளின் தோட்டாவில் நடுவில் ஒரு சிறு பொட்டு மாதிரித் தெரியுமே, அது இதில் இருக்காது. தட்டினால் தீப்பற்றும் மருந்து, பித்தளைக் கூட்டின் விளிம்புக்குள்ளேயே சுற்றிலும் பரவியிருக்கிறது. துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பை நசுக்கும்போது மருந்து தீப்பற்றுகிறது. இதைத்தான் 'ரிம்ஃபயர்' என்கிறார்கள்.

ஃபிரான்ஸில் ஃப்ளோபேர் என்பவர் 1840களில் இந்த யோசனையைத் தொடங்கிவைத்தார். 1857இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் இதன் முதல் .22 வடிவத்தைக் கொண்டுவந்தது. இன்று உலகம் முழுக்கப் புழங்கும் '.22 லாங் ரைஃபிள்' தோட்டா பிறந்தது 1887இல்.

இந்தத் தோட்டாவில் ஒரு வசதி, ஒரு சங்கடம். செய்வது மலிவு, விலையும் குறைவு. இது வசதி. ஒரு முறை சுட்டுவிட்டால் விளிம்பு நசுங்கிவிடும், உள்ளே மருந்தைத் திரும்ப நிரப்புவது நடைமுறையில் ஆகாத காரியம். இது சங்கடம். நடுப்பொட்டு உள்ள பெரிய தோட்டாவைப் பலர் வீட்டிலேயே மறுபடி நிரப்பிக்கொள்கிறார்கள். ரிம்ஃபயர் தோட்டாவில் அதற்கு வழியில்லை. கடையில் கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. இந்தச் சின்ன விஷயம்தான் பின்னால் பெரிய பிரச்னையாகிறது.

ஒரு இழுப்புக்கு ஒரு குண்டு

1903 மாடலை வடிவமைத்தவர் வின்செஸ்டரின் பொறியாளர் டி.சி. ஜான்சன். 'செமி ஆட்டோமேட்டிக்' என்று சொல்லும்போது பலர் படபடவென்று சுடும் இயந்திரத் துப்பாக்கியை நினைத்துக்கொள்கிறார்கள். இது அதுவல்ல. விசையை ஒரு தடவை இழுத்தால் ஒரே ஒரு குண்டுதான் போகும். அடுத்த தோட்டாவை ஏற்றி வைக்கும் வேலையை மட்டும் துப்பாக்கியே பார்த்துக்கொள்ளும்.

எப்படி? மருந்து வெடித்ததும் குண்டு முன்னால் பாய்கிறது. அதே அழுத்தம் காலித் தோட்டாவைப் பின்னால் தள்ளுகிறது. தோட்டாவுக்குப் பின்னால் 'போல்ட்' எனப்படும் கனமான இரும்புக் கட்டி இருக்கிறது. குண்டு லேசு, போல்ட் கனம். அதனால் குண்டு வேகமாகக் குழலை விட்டு வெளியேற, போல்ட் சாவகாசமாகப் பின்னால் நகர்கிறது. போகிற போக்கில் காலித் தோட்டாவை வெளியே எறிகிறது, ஸ்பிரிங் அதைத் திரும்ப முன்னுக்குத் தள்ளும்போது அடுத்த தோட்டாவைக் கூடவே கூட்டிக்கொண்டு வருகிறது. அவ்வளவுதான். பூட்டும் கிடையாது, சிக்கலான பல்சக்கரமும் கிடையாது. எடையும் ஸ்பிரிங்கும் போடும் கணக்கு இது.

தோட்டாக்கள் இருக்கும் இடம் இன்னும் சுவாரஸ்யம். தோளில் அணைக்கும் மரக்கட்டைக்குள்ளேயே ஒரு குழாய். கட்டையின் வலப்பக்கத்தில் உள்ள துளை வழியாகப் பத்துத் தோட்டாக்களைப் போடலாம். முதல் தோட்டாவை ஏற்ற, முன்பக்க மரக்கட்டையின் நுனியில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புத் தண்டை உள்ளே அழுத்த வேண்டும். பயணத்தில் எடுத்துப் போக, பின்னால் உள்ள ஒரு திருகைக் கழற்றி ரைபிளை இரண்டாகப் பிரித்துவிடலாம்.

எதற்காகத் தனித் தோட்டா?

1903இல் ஊரெல்லாம் .22 லாங் ரைஃபிள் தோட்டா கிடைத்தது. அதையே பயன்படுத்தும்படி செய்திருக்கலாமே? ஜான்சன் அப்படிச் செய்யவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

அன்று விற்ற தோட்டாக்களில் நிறைய கருமருந்துத் தோட்டாக்கள். நம் ஊர் பட்டாசு வெடித்த பிறகு தரையில் ஒரு கரி படியுமே, அந்த வகை மருந்து. ஒவ்வொரு தடவையும் குழலிலும் இயந்திரத்திலும் கரியைப் படியவிடும். கையால் ஏற்றும் துப்பாக்கியில் பரவாயில்லை, கொஞ்சம் பலமாக இழுத்தால் போயிற்று. தானாக இயங்கும் இயந்திரத்தில் கரி சேர்ந்தால் சீக்கிரமே போல்ட் சிக்கிக்கொள்ளும்.

ஆகவே வின்செஸ்டர், புகையில்லா மருந்து போட்ட புதுத் தோட்டா ஒன்றைச் செய்தது. பெயர் '.22 வின்செஸ்டர் ஆட்டோமேட்டிக்'. வாடிக்கையாளர் தவறியும் கருமருந்துத் தோட்டாவைப் போட்டுவிடக் கூடாது என்று, அதன் பருமனையே வேறாக வைத்தார்கள். சாதாரணத் தோட்டாவைவிடக் கொஞ்சம் குண்டு.

அன்றைக்கு அது சரியான யோசனை. ஆனால் காலம் மாறியது. புகையில்லா மருந்து எல்லாத் தோட்டாவிலும் வந்துவிட்டது. 1932இல் 1903 மாடலை நிறுத்திவிட்டு, 1933இல் அதே அமைப்பில் சாதாரண .22 லாங் ரைஃபிள் தோட்டாவை ஏற்கும் '63' மாடலைக் கொண்டுவந்தார்கள். பழைய தோட்டாவுக்கு ஆள் குறைந்துகொண்டே வந்தது. பெரிய நிறுவனங்கள் அதைக் கைவிட்டுப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. இடையில் மெக்சிகோ நிறுவனம் ஒன்று செய்து விற்றது. இப்போது பழைய பெட்டிகளைத் தேடித்தான் வாங்க வேண்டும்.

சுமார் 1,26,000 ரைபிள்கள் செய்யப்பட்டன. துப்பாக்கி பிழைத்துக்கொண்டது, தோட்டா செத்துவிட்டது.

பொருந்துகிற மாதிரி தெரியும், பொருந்தாது

தாத்தாவின் துப்பாக்கியைக் கையில் எடுக்கும் பேரன் முதலில் செய்யக்கூடிய தவறு இங்கேதான் இருக்கிறது. குழலில் '22' என்று இருக்கும். கடையில் '.22' என்று ஒரு பெட்டியும் இருக்கும். இரண்டும் ஒன்றுதானே என்று நினைப்பது இயல்பு.

ஒன்று அல்ல. குண்டான தோட்டாவுக்காகத் துளைத்த அறையில் ஒல்லியான தோட்டா தொளதொளவென்று உட்காரும். வெடிக்கும்போது, தாங்கிப் பிடிக்கச் சுவர் இல்லாததால் பித்தளைக் கூடு உப்பும், சில சமயம் கிழியும். சூடான வாயுவும் பித்தளைத் துணுக்கும் பின்பக்கமாக, சுடுகிறவரின் முகத்தை நோக்கித் திரும்பக்கூடும்.

ஆகவே பழைய துப்பாக்கி ஒன்று கைக்கு வந்தால், குழலின் மேல் பொறித்திருக்கும் தோட்டாவின் முழுப் பெயரை ஓர் எழுத்து விடாமல் படிப்பதுதான் முதல் வேலை. சந்தேகம் இருந்தால் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து அறையை அளக்கச் சொல்ல வேண்டும்.

சரி, தோட்டா கிடைக்காத துப்பாக்கியை என்ன செய்வது? மூன்று வழி. பழைய பெட்டி ஏதாவது கிடைத்தால் வாங்கி, வருடத்துக்கு ஒருநாள் நாலைந்து குண்டு சுட்டுவிட்டு வைத்துவிடலாம். தேர்ந்த தொழிலாளி ஒருவரிடம் கொடுத்து, சாதாரணத் தோட்டாவை ஏற்கும்படி மாற்றச் சொல்லலாம். ஆனால் செலவு துப்பாக்கியின் விலையைத் தாண்டக்கூடும், மாற்றிய பிறகு அது பழைய 1903 ஆகவும் இருக்காது. மூன்றாவது, சுடுவதையே விட்டுவிட்டுப் பழம்பொருளாகப் பாதுகாப்பது. நிறையக் குடும்பங்கள் கடைசியில் வந்து நிற்பது இங்கேதான்.

குழலைத் தின்ற உப்பு

சுடாமல் வைத்தாலும் பராமரிப்பு குறையாது. பழைய .22 ரைபிள் வாங்க வருகிறவர் முதலில் செய்வது, காலியான குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்ப்பது. கண்ணாடி மாதிரி மின்னினால் அதிர்ஷ்டம். பல குழல்களில் அம்மைத் தழும்பு மாதிரிக் குழி குழியாகத் தெரியும்.

அந்தத் தழும்புக்குக் காரணம் உப்பு. அந்தக் காலத்துத் தோட்டாக்களில் தீப்பற்றவைக்கும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. எரிந்தபின் அது பொட்டாசியம் குளோரைடாக, அதாவது சமையல் உப்பின் உறவுக்கார உப்பாக, குழலில் படியும். காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். மறுநாளே துரு தொடங்கிவிடும். எண்ணெய் போட்டுத் துடைத்தாலும் பயனில்லை, உப்பு எண்ணெயில் கரையாதே! தண்ணீரில்தான் கரையும். விவரம் தெரிந்தவர்கள் குழலில் கொதிநீரை ஊற்றி, உடனே நன்றாகத் துடைத்துக் காயவைத்து, அதன்பின் எண்ணெய் தடவினார்கள். இரும்பு தோசைக்கல்லைக் கழுவியதும் துடைத்து எண்ணெய் தடவி வைக்கும் அதே பக்குவம்.

1920களின் பிற்பகுதியில் ரெமிங்டன் நிறுவனம் 'க்ளீன்போர்' என்ற பெயரில் துருவேற்றாத தோட்டாவைக் கொண்டுவந்தது. மற்ற நிறுவனங்களும் பின்பற்றின. அதனால்தான் அதற்கு முந்தைய துப்பாக்கியில் தழும்பு இருந்தால் வாங்குகிறவர் பெரிதாக ஆச்சரியப்படுவதில்லை.

சுத்தம் செய்வதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. இந்த வகை ரைபிள்களில் பெரும்பாலும் பின்பக்கம் மூடியிருக்கும். குழலின் வாய் வழியாகத்தான் கம்பியை விட வேண்டும். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அந்த வாய்தான். அங்கே இரும்புக் கம்பி உரசி உரசி ஒரு பக்கம் தேய்ந்தால் குறி தவறும். குண்டு தேய்க்காத குழலைச் சுத்தம் செய்த கம்பி தேய்த்துவிட்டது என்ற கதை நிறைய உண்டு. இப்போது பலரும் கம்பியை விட்டுவிட்டு, துணியால் ஆன கயிற்றைப் பின்னாலிருந்து விட்டு முன்னால் இழுக்கிறார்கள்.

அதிக அக்கறையும் ஆபத்து

பழைய துப்பாக்கிகள் கவனிக்காமல் கெட்டதைவிட, தப்பாகக் கவனித்துக் கெட்டது அதிகம் என்று பழுதுபார்க்கிறவர்கள் சொல்வதுண்டு.

முதல் குற்றவாளி எண்ணெய். அக்கறையோடு நிறைய விட்டால், அது மெதுவாக வழிந்து, தூசியோடும் கரியோடும் சேர்ந்து பிசினாகிறது. ஸ்பிரிங் இழுத்தாலும் போல்ட் முழுதாக மூடாது. துப்பாக்கி நின்றபடியே இருந்தால் எண்ணெய் பின்பக்க மரக்கட்டைக்குள் இறங்கி மரத்தைக் கறுப்பாக்கி மிருதுவாக்கிவிடும். சில துளி போதும், அதையும் துணியில் விட்டுத் துடைத்தால் போதும்.

இரண்டாவது, திருகாணி. பழைய திருகின் பள்ளம் குறுகலானது. வீட்டில் கிடக்கும் ஸ்க்ரூ டிரைவரின் நுனி அதில் சரியாக உட்காராது. பலமாகத் திருகினால் வழுக்கிப் பள்ளத்தைக் கிழித்துவிடும். துப்பாக்கியை யாராவது தெரியாமல் பிரித்திருக்கிறார்களா என்று பார்க்க, அனுபவசாலிகள் முதலில் நோக்குவது திருகின் தலையைத்தான்.

மூன்றாவது, பளபளப்பு ஆசை. இரும்பின் மேல் தெரியும் கருநீல நிறம் பெயின்ட் அல்ல. பக்குவமாக வரவழைத்த ஒருவகைத் துருதான், மெல்லிய படலம். சாம்பல் போட்டுத் தேய்க்கிற மாதிரித் தேய்த்தால் போய்விடும். மரத்தை உப்புத்தாள் போட்டு வழித்துப் புது வார்னிஷ் அடித்தாலும் இதே கதைதான். புதுசு மாதிரி ஆக்கிய துப்பாக்கிக்குச் சேகரிப்பாளர்களிடம் மதிப்பு குறைகிறது. தாத்தாவின் கை பட்டுப் பட்டுத் தேய்ந்த இடம் அப்படியே இருப்பதுதான் அழகு.

நான்காவது, காலித் துப்பாக்கியின் விசையைச் சும்மா சும்மா இழுப்பது. விளிம்பில் தட்டும் ஊசி, அங்கே தோட்டா இல்லாதபோது அறையின் ஓரத்திலேயே போய் இடிக்கலாம். நாளடைவில் ஊசியும் மழுங்கும், அறையின் ஓரமும் நசுங்கும், தோட்டா உள்ளே போக மறுக்கும்.

அழகான தோல் உறையில் போட்டு வைப்பதும் தப்பு. தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். உறை பயணத்துக்கு மட்டும். வீட்டில் ஈரம் சேராத, பூட்டிய பெட்டியில், கைரேகையைத் துடைத்துவிட்டு வைப்பதே முறை. கைவியர்வையிலும் உப்பு உண்டு.

உதிரிபாகம் உடைந்தால்? செய்த நிறுவனம் அதை மறந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. பிரித்து விற்கப்படும் வேறொரு பழைய துப்பாக்கியிலிருந்துதான் ஊசியோ ஸ்பிரிங்கோ வாங்க வேண்டும். பழைய அம்பாசிடர் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த அலைச்சல் புரியும். ஒன்றைமட்டும் ஒத்திப்போடவே கூடாது. விசையை ஒரு தடவை இழுக்கும்போது இரண்டு குண்டு போனால், உள்ளே ஏதோ தேய்ந்துவிட்டது அல்லது அழுக்கு அடைத்திருக்கிறது என்று பொருள். அந்த நிமிடமே சுடுவதை நிறுத்திவிட்டுப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோக வேண்டும்.

எண்ணெயே வேண்டாத நைலான் துப்பாக்கி

எல்லாப் பழைய துப்பாக்கியும் இப்படிப் படுத்துவதில்லை. துப்பாக்கி வடிவமைப்பில் மேதை எனப்படும் ஜான் பிரௌனிங் உருவாக்கிய சிறிய .22 ரைபிள், 1914 முதல் பெல்ஜியத்தில் தயாரானது. எந்தக் கருவியும் இல்லாமல் கையாலேயே இரண்டாகப் பிரிக்கலாம். காலித் தோட்டா பக்கவாட்டில் பறக்காமல் கீழே விழும். பிறகு ஜப்பானிலும் செய்யப்பட்டது. சாதாரணத் தோட்டாவை ஏற்கும் பழைய பிரௌனிங் வைத்திருப்பவருக்குத் தோட்டாக் கவலை கிடையாது.

இன்னொன்று 1959இல் சந்தைக்கு வந்த ரெமிங்டன் 'நைலான் 66'. ரெமிங்டன் அப்போது டூபாண்ட் இரசாயன நிறுவனத்தின் கையில் இருந்தது. நைலானைக் கண்டுபிடித்த அதே டூபாண்ட். மரத்துக்குப் பதில் நைலானிலேயே கட்டையைச் செய்தார்கள். இரும்புப் பாகங்கள் நைலான் மேல் வழுக்கி ஓடுவதால் எண்ணெய் தேவையில்லை என்று விளம்பரம் செய்தார்கள்.

"பிளாஸ்டிக் துப்பாக்கியா?" என்று மக்கள் சிரித்தார்கள். ரெமிங்டன் பழைய வழியையே கையில் எடுத்தது. டாம் ஃப்ரை என்ற விற்பனைப் பிரதிநிதி, டோப்பர்வைன் மாதிரியே மரத்துண்டுகளை வீசச் சொல்லிச் சுட ஆரம்பித்தார். 13 நாளில் 1,00,010 துண்டுகள், தவறியவை ஆறு. சிரிப்பு அடங்கியது. அந்த மாடல் பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது.

டோப்பர்வைன் அப்போது உயிரோடு இருந்தார். தன் சாதனை முறியடிக்கப்பட்டு மூன்று ஆண்டுகள் கழித்து, 1962இல் காலமானார்.

காலி என்று நினைப்பதுதான் ஆபத்து

துடைப்பதும் எண்ணெய் போடுவதும் இரண்டாம் பட்சம். பழைய செமி ஆட்டோமேட்டிக் ரைபிள் உள்ள வீட்டில் உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று உண்டு.

குழாய் வழியாகத் தோட்டா நிரப்பும் ரைபிளில், குழாயை உருவித் தோட்டாக்களைக் கொட்டிவிட்டால் துப்பாக்கி காலியாகிவிட்டது என்று தோன்றும். ஆனால் ஏற்கெனவே அறைக்குள் போய் உட்கார்ந்த ஒரு தோட்டா அங்கேயே இருக்கும். குழாயின் உள்ளே ஒன்று ஒட்டிக்கொண்டும் நிற்கலாம். போல்ட்டை இழுத்து, அறையைக் கண்ணால் பார்த்து, வெளிச்சம் போதாவிட்டால் விரலாலும் தொட்டுப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். 1903 மாடலில் முதலில் வந்தவற்றில் பாதுகாப்புப் பொத்தானே கிடையாது என்பதையும் மறக்கக் கூடாது.

சின்னத் தோட்டாதானே என்ற அலட்சியமும் கூடாது. '.22 லாங் ரைஃபிள்' தோட்டாப் பெட்டியில், குண்டு ஒன்றரை மைல் தூரம் போகும் என்று எச்சரிக்கை அச்சிட்டிருப்பார்கள். நம் கணக்கில் சுமார் 2.4 கிலோமீட்டர். கல்லில் பட்டாலும் தண்ணீரில் பட்டாலும் திசைமாறித் தெறிக்கும்.

குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்வது இதுதான்: துப்பாக்கியே இல்லாத வீடு எல்லாவற்றையும்விடப் பாதுகாப்பு. இருந்தே ஆக வேண்டுமென்றால், தோட்டா இல்லாமல் பூட்டி வைக்க வேண்டும், தோட்டாவைத் தனியாக வேறோர் இடத்தில் பூட்டி வைக்க வேண்டும். "தாத்தா காலத்துத் துப்பாக்கி, எங்கே வெடிக்கப்போகிறது" என்று கண்ணாடி அலமாரியில் அழகுக்கு வைத்த துப்பாக்கியும் துப்பாக்கிதான்.

சட்டம் எப்படிப் பார்க்கிறது?

அமெரிக்கச் சட்டத்தில் 1898 வரை செய்த துப்பாக்கி 'தொன்மைப் பொருள்'. 1903 மாடல் ஐந்தே ஆண்டில் அந்த வரிசையைத் தவறவிட்டது. ஐம்பது ஆண்டு கடந்ததால் சேகரிப்பாளருக்கான தனிப் பிரிவில் அடங்கும். 1968இல் புதுச் சட்டம் வரும்வரை .22 ரைபிள்களுக்கு வரிசை எண் கட்டாயமில்லை. அதனால் பல பழைய ரைபிள்களில் எண்ணே இருக்காது. அதைப் பார்த்துத் திருட்டுப் பொருளோ என்று பயந்துபோகிறவர்களும் உண்டு.

ஆஸ்திரேலியாவில் கதை வேறு. 1996இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு சட்டம் இறுகியது. அரசு ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை விலை கொடுத்து வாங்கி அழித்தது. .22 செமி ஆட்டோமேட்டிக் ரைபிளும் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. பல குடும்பங்களின் தாத்தா துப்பாக்கிகள் அப்படித்தான் நசுக்கப்பட்டன. அந்த நாட்டு மக்களில் பெரும்பாலோர் அந்த விலை கொடுக்கத் தகுந்ததே என்று ஏற்றுக்கொண்டார்கள். பிரிட்டன் 1988இலும், நியூசிலாந்து 2019இலும் படுகொலைகளுக்குப் பிறகு செமி ஆட்டோமேட்டிக் ரைபிள்களைத் தடைசெய்தன. ஆனால் .22 ரிம்ஃபயருக்கு இரண்டு நாடுகளும் விலக்கு அளித்தன. நியூசிலாந்தில் பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளக் கூடாது என்பது நிபந்தனை.

இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கியை வைத்திருப்பதே குற்றம். உரிமம் தாத்தா பெயரில் இருந்தது என்பது பேரனுக்குப் போதாது. உரிமம் பெற்றவர் இறந்தால், வாரிசு தாமதிக்காமல் காவல் நிலையத்துக்குத் தெரிவித்து, சட்டப்படி ஒப்படைக்கவோ தன் பெயரில் உரிமம் கோரவோ வேண்டும்.

கடைசியில் மிஞ்சுவது

பழைய துப்பாக்கியைக் காப்பாற்றுகிறவர்கள் ஒரு பழக்கம் வைத்திருக்கிறார்கள். துப்பாக்கி வைத்த பெட்டியிலேயே ஒரு தாளையும் வைத்துவிடுவார்கள். யார், எந்த ஆண்டு, எங்கே வாங்கினார், எந்தத் தோட்டா, என்னென்ன பழுது பார்த்தது, எந்தத் தோட்டாவைப் போடவே கூடாது. வைத்திருப்பவர் போன பிறகு பெட்டியைத் திறக்கும் பிள்ளைக்கு விவரம் தெரிய வேண்டுமே!

தாளில் ஒரு வரி குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1903 மாடலே சாட்சி. 'இதற்கு வேறு தோட்டா' என்று யாரும் சொல்லிவைக்காத வீட்டில், பேரன் கடைக்குப் போய் '.22' பெட்டி ஒன்றை வாங்கி வந்துவிடுவான்.

72,500 மரத்துண்டுகளை வீழ்த்திய மாடல் இன்று பல வீடுகளில் சத்தமில்லாமல் படுத்திருக்கிறது. வருடத்துக்கு இரண்டு தடவை வெளியே எடுத்து, காலி என்று உறுதிசெய்து, மெல்லிய துணியால் துடைத்து, மறுபடி பூட்டி வைக்கிறார்கள். துடைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பேரக்குழந்தைக்குச் சுடக் கற்றுக்கொடுக்க முடியாது. ஆனால் எதைத் தொடக் கூடாது, எதை முதலில் பார்க்க வேண்டும் என்று கற்றுக்கொடுக்கலாம். கூடவே பிளிங்க்கியின் கதையையும் சொல்லலாம். அதற்குத் தோட்டா தேவையில்லை.